உங்களுக்குத் தெரியுமா? மலையின் பெயரில் ஒரு நீதிபதி

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜார்ஜியாவின் கெனசா மலையடிவாரத்தில் காலில் அடிபட்டார் ஒரு ராணுவ மருத்துவர். 1866-ல் பிறந்த மகனுக்கு அந்த மலையின் பெயரையே வைத்துவிட்டார்: கெனசா மௌன்டன் லாண்டிஸ்!

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் லாண்டிஸ். பிறகு சட்டம் படித்து வக்கீலானார். வெளியுறவு அமைச்சர் கிரஷாமிடம் செயலாளராக இருந்தார். அண்ணன் தம்பிகளில் இருவர் நாடாளுமன்ற உறுப்பினர்கள். செல்வாக்குக்குக் கேட்கவா வேண்டும்? 1905-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவரைச் சிகாகோவின் ஃபெடரல் நீதிபதியாக நியமித்தார். ஆயுள் முழுக்க நீடிக்கக்கூடிய பதவி அது.

இரண்டே ஆண்டில் ஊரே அவர் பெயரைப் பேசியது. ரயில் கட்டணத்தில் திருட்டுச் சலுகை பெற்ற வழக்கு; மாட்டியது ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம். 1,462 குற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் 20,000 டாலர். மொத்த அபராதம் 2,92,40,000 டாலர்! மறு ஆண்டே மேல்முறையீட்டில் அது ரத்தானது. ஆனால் கிடைத்த புகழ் ரத்தாகவில்லை.

1920-ல் சூதாட்டப் புகாரில் நாறிக்கிடந்த பேஸ்பால் உலகம் அவரை ஆணையராக்கியது. நீதிபதி நாற்காலியை விடாமலே அந்தச் சம்பளத்தையும் வாங்கினார். கண்டனம் வலுக்க, 1922-ல் நீதிபதி பதவியை உதறினார். ஜூரியின் விடுதலைத் தீர்ப்பையும் பொருட்படுத்தாமல், அந்தச் சூதாட்டப் புகாரில் சிக்கிய 8 வீரர்களுக்கு ஆயுள் தடை விதித்தவரும் இவரே. 1944-ல் இறக்கும்வரை ஆணையர் இவர்தான். அவர் ஆணையராக இருந்த காலத்தில் பெரிய லீக்குகளில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் களமிறங்கியது 1947-ல்தான்.