உங்களுக்குத் தெரியுமா? விளையாட்டுத் திருவிழாவில் செய்தியாளருக்கு யார் காவல்?

2023 உலகக் கோப்பை கிரிக்கெட்டில், சென்னையின் மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் அணி ஆப்கானிஸ்தானுடனும் தென்னாப்பிரிக்காவுடனும் மோதியது. ஆனால் பாகிஸ்தான் செய்தியாளர்களோ, போட்டித் தொடர் தொடங்கிய பிறகும் விசாவுக்காகக் காத்துக் கிடந்தார்கள். பாகிஸ்தான் கிரிக்கெட் வாரியம் ஐசிசியிடம் முறையிட வேண்டியதாயிற்று.

விசா கிடைக்காதது ஒரு வகை. சிறை வேறு வகை. கத்தாரில் காவலாளியாக வேலை பார்த்த கென்யர் மால்கம் பிடாலி, தொழிலாளர் விடுதிகளின் நெரிசலையும் அவலத்தையும் ‘நோவா’ என்ற புனைபெயரில் எழுதினார். அங்கே நடந்த 2022 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 2021 மே மாதம் கைதானார். தனிமைச் சிறை, பிறகு 25,000 ரியால் அபராதம். நம்மூர்க்காரர்களும் கூலி வேலைக்குப் போகிற நாடு அது. அவர் எழுதியது அவர்களுக்காகவும்தான்.

இத்தனைக்கும், மிரட்டப்படும் செய்தியாளர்களும் உரிமைப் போராளிகளும் புகார் செய்ய, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா 2018-லேயே தனி வழி திறந்திருந்தது. புகாரை வாங்கிக்கொண்டால் போதாது. போட்டியை நடத்தும் நாடு கைது செய்யாமல் இருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில் குடிசைகள் அகற்றப்பட்டன. அதை வெளியே சொல்ல எழுதுகிறவர்கள் தேவைப்பட்டார்கள். நொச்சிக்குப்பத்துக்கு இது தெரியும்: 2023 ஏப்ரலில் லூப் சாலை மீன்கடைகள் அகற்றப்பட்டபோது மீனவர்கள் படகுகளைக் குறுக்கே நிறுத்திப் போராடினார்கள், கேமராக்கள் வந்ததால்தான் மீன் விற்கும் பெண்களின் குரலை ஊரே கேட்டது.