காகிதச் செல்வமும் கைப்பழக்கமும்

நம் முன்னோர் ஓலையில் எழுதிவைத்தவை நூற்றாண்டுகளைக் கடந்து நம் கைக்கு வந்திருக்கின்றன. நம் பாட்டனார் காலத்தில் காகிதத்தில் அச்சிட்டவையோ தொட்டவுடன் அப்பளம்போல் நொறுங்குகின்றன. இது விந்தையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மரக்கூழைக்கொண்டு மலிவான காகிதம் செய்யலாயினர். மை ஊறிப் பரவாதிருக்கும்பொருட்டு அதில் படிகாரமும் பிசினும் சேர்த்தனர். அதனால் விளையும் அமிலம் காகிதத்தை உள்ளிருந்தே அரிக்கிறது. சுதந்திரப் போராட்டத்தின் செய்திகளைத் தாங்கிய பத்திரிகைகளும் துண்டுப் பிரசுரங்களும் பெரும்பாலும் இத்தகைய காகிதத்திலேயே அச்சாயின என்பதைத் தேசாபிமானிகள் கவனிப்பார்களாக.

படம்பிடிக்கும் யந்திரம் ஒன்று வாங்கிவிட்டால் இந்த அபாயம் நீங்கிவிடும் என்று கருதுவோர் பலர். யந்திரம் பதிவு செய்யும், பக்குவம் அறியாது. பழகாத கை, கட்டு இறுகிய புஸ்தகத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து அமுக்கினால், நகல் கிடைப்பதற்கு முன்பே புஸ்தகத்தின் முதுகு முறிந்துபோம். கிழிசலுக்குப் பசைநாடா ஒட்டுவதை உபகாரமென்று எண்ணுகிறார்கள். சில வருஷங்களில் அப்பசை பழுத்துத் தாளைக் கறைப்படுத்திவிடும். ஜப்பானிய மென்காகிதத்தையும் மாவுப் பசையையும் கொண்டு, பின்னர் வேண்டும்போது நீக்கக்கூடியவாறு ஒட்டுவதே முறை. ஒருநாள் பிரசங்கம் கேட்டு இது கைவராது. தேர்ந்தவர் அருகிலிருந்து பழகவேண்டும். கைப்பழக்கம் என்பது சித்திரத்துக்கு மட்டும் உரியதன்று.

கைத்திறனோடு தமிழறிவும் வேண்டும். பழம் புஸ்தகத்தின் முகப்பில் 'பிரபவ வருஷம்' என்று மாத்திரம் கண்டிருந்தால், அது 1867-ஆ, 1927-ஆ? அறுபது வருஷச் சுற்றை அறிந்தவனே அதை ஆராய்ந்து நிர்ணயிப்பான். தமிழ்நாட்டில் 1978-ஆம் வருஷத்து எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் கல்வி கற்றோர்க்குப் பழைய எழுத்து வடிவங்களும் தமிழ் எண்களும் கற்பிக்கப்பட்டாலன்றி விளங்கா. பட்டியலில் பிழையாகப் பதிந்த நூல் இருந்தும் இல்லாததேயாகும்.

நம்மால் இது கூடுமா என்று ஐயுறுவோர் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் பார்க்கட்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் ஆயுளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் பத்திரிகைகளும் இலக்ஷத்துக்கு மேற்பட்டவை. 1992-ல் அவர் காலமான பிறகு சிக்காகோ சர்வகலாசாலை அத்தொகுதியை விலைக்கு வாங்கியது. ஆயினும் அது கடல் கடக்கவில்லை. 1994-ல் சென்னையிலேயே நூலகம் தொடங்கிற்று. நுண்படம் எடுக்கவும், பட்டியலிடவும், பழுது பார்க்கவும் இந்நாட்டவரே பயின்று தேர்ந்தனர். வாங்கிய பணம் அந்நியருடையது. காத்த கைகள் நம்மவருடையவை.

'நகல் இருக்க மூலம் எதற்கு?' என்பாருக்கு ஒரு வார்த்தை. நியாயஸ்தலத்தில் நகலின்மீது ஐயம் எழும்போது மூலத்தைக் கொணரச் சொல்வார்கள். சரித்திரத்தின் நியாயஸ்தலத்திலும் அவ்வாறே. எனவே மூலத்தையும் காக்கவேண்டும். நகலையும் ஒன்றுக்கு மேற்பட்டதாக எடுத்து, வெவ்வேறு ஊர்களில் வைக்கவேண்டும். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத ஏடு ஓரிடத்தில் எரிந்தால், அது உலகத்திலேயே இல்லாமற் போகிறது.

ஒரு திட்டத்துக்குப் பணம் வந்ததும் ஆட்களைத் தற்காலிகமாக அமர்த்திப் பழக்குவதும், திட்டம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் பெரும்பேதைமை. அவர்களோடு கற்ற வித்தையும் வெளியேறிவிடுகிறது. யந்திரம் உறையிட்டு மூலையில் கிடக்கிறது. பழஞ்சுவடி வைத்திருக்கும் ஒவ்வொரு நூலகமும் சங்கமும் முதலில் இருவரையேனும் தேர்ந்து பயிற்றுவித்து, அவர்கள் பிழைக்கத்தக்க நிலையான சம்பளம் அளித்து வைத்துக்கொள்ளட்டும். யந்திரத்தைப் பின்னர் வாங்கலாம். காகிதம் நமக்காகக் காத்திராது.