வேலையை விடுமுன்

குணமாகா நோய் எனக் கேட்டதும் மனமுடைந்து உடனே வேலையை விடும் பால்மரத் தொழிலாளர்க்கு நாம் கூறுவது ஒன்று: முதலில் பெர்கேசோவில் மனுச் செய்யுங்கள்.

1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நோயினால் வழக்கமான வருமானத்தில் மூன்றிலொரு பங்கும் ஈட்ட இயலாத, 60 வயதுக்குட்பட்ட சந்தாதாரர் இயலாமை ஓய்வூதியம் கோரலாம். மருத்துவக் குழு நோயை உறுதிசெய்தல் வேண்டும். மனுச் சேரும் மாதத்திற்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருப்பின் முழுத் தகுதியுண்டு. வேலையை விட்டபின் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் இக்கணக்கைக் குறைக்கக்கூடும். ஜொகூர் பாரு, குளுவாங், மூவார் ஆகிய ஊர்களில் பெர்கேசோ அலுவலகங்கள் உள்ளன.

இந்த ஓய்வூதியம் பெறுபவர் இறப்பின், தகுதியுள்ள துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் உதவித்தொகை தொடரும். ஊழியர் சேமநிதியில் வாரிசு நியமனத்தையும் இன்றே சரிபாருங்கள். நோயைத் தடுக்க இயலாவிடினும், வீட்டில் அடுப்பு அணையாமற் காக்க நம்மால் இயலும்.