தொண்டி எங்கே போயிற்று?
(உறவுசார் தரவுத்தளத்தில் நேரும் பழுதுகளும் அவற்றைக் களையும் வழிகளும்)

கணிப்பொறி நம் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் நுழைந்து ஆண்டுகள் பல ஆயின. நூலகப் பட்டியல், மாணவர் பதிவேடு, ஜமாஅத்தின் சந்தாக் கணக்கு, கடலுக்குச் செல்லும் விசைப்படகுக்குரிய அனுமதிச் சீட்டு எனப் பலவும் இன்று தரவுத்தளங்களில் அடங்கியுள்ளன. தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என மூத்தோர் வினவக்கூடும். நாம் கண்ட பழுதுகளுள் பாதிக்கு மேற்பட்டவை கருவியின் பழுதுகள் அல்ல; எழுத்தின் பழுதுகள். ஆதலின் தமிழ் கற்போர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

உறவுசார் தரவுத்தளம் என்னும் கருத்தை 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் ஒரு கட்டுரையில் வெளியிட்டார். செய்திகளை அட்டவணைகளாக வைத்து, ஓர் அட்டவணையை மற்றோர் அட்டவணையோடு பொதுவான ஒரு மதிப்பால் இணைப்பதே அதன் சாரம். இராமேசுவரத்துப் படகுகளைக் கொண்டு இதனை விளக்கலாம். படகுகளுக்கு ஓர் அட்டவணை, உரிமையாளர்களுக்கு ஒன்று, நாள்தோறும் கடலுக்குச் சென்றவற்றுக்கு ஒன்று என மூன்று போதும். படகுப் பதிவெண் முதலதனையும் மூன்றாவதனையும் இணைக்கும். உரிமையாளர் எண் முதலிரண்டையும் இணைக்கும். உரிமையாளர் மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு வீடு மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

இங்கே எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் கொண்டு இணைப்பவர்கள் இடர்ப்படுவார்கள். நம் கடற்கரையில் முகம்மது, முகமது, முஹம்மது என ஒருவர் பெயரையே மூவர் மூவகையாக எழுதுவர். பள்ளிச் சான்றிதழில் ஒன்றும் குடும்ப அட்டையில் மற்றொன்றும் இருப்பது நாம் அறியாததன்று. ஒலி ஒப்புமையால் பெயர் தேடும் சவுண்டெக்ஸ் என்ற முறைக்கு அமெரிக்காவில் 1918இலேயே காப்புரிமை வழங்கப்பட்டது. இன்றைய தரவுத்தள மென்பொருள்கள் சிலவற்றிலும் அது உண்டு. ஆயின் அஃது ஆங்கில எழுத்துகளுக்கென வகுக்கப்பட்டது, தமிழுக்கு உதவாது. ஒவ்வொருவருக்கும் மாறாத எண் ஒன்று கொடுத்து, பெயரின் வேறு வடிவங்களைத் தனி அட்டவணையில் சேர்த்துவைப்பதே தக்க வழி. இது சற்று உழைப்பைக் கேட்கும்; வேறு குறுக்குவழி நாம் காணவில்லை.

இனி, நாம் நேரிற் பட்ட ஒன்றைக் கூறுவோம். முன்னாள் மாணவர் பட்டியல் ஒன்றைத் தொகுத்து, தொண்டி என்று தேடினோம். வந்த பெயர்கள் மிகச் சில. அவ்வூரிலிருந்து ஆண்டுதோறும் மாணவர் வந்துகொண்டிருக்க, இது எங்ஙனம் என்று வியந்தோம். பட்டியலைக் கண்ணாற் பார்த்தால் தொண்டி பல இடங்களில் இருக்கிறது. கணிப்பொறியோ இல்லை என்கிறது. தனுஷ்கோடிக்கும் இதே நிலை. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் மட்டும் குறையில்லை.

காரணம் ஒருங்குறியில் இருந்தது. ‘தொ’ என்னும் எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் பதியலாம். எகரக் கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் பதியலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இவ்வாறே இரு வகை உண்டு. திரையில் இரண்டும் ஒன்றே. தரவுத்தளமோ, வேறு கட்டளை இல்லாதவிடத்துக் குறியீடுகளையே ஒப்பிடுவதால், அவற்றை வெவ்வேறு சொற்களாகக் கொள்கிறது. பழைய எழுத்துருக்களில் இருந்த கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும்போது இவ்விரட்டை வடிவம் எளிதில் புகுந்துவிடும். நமக்கும் அவ்வாறே நேர்ந்தது. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் இடுவதும், காலுக்குப் பதிலாக ரகரம் இடுவதும் வேறு வகைப் பிழைகள். அவற்றைத் தட்டச்சுச் செய்தவரே திருத்த வேண்டும்.

இரட்டை வடிவத்தைச் சீராக்க வழி உண்டு. என்.எஃப்.சி. என்னும் சீர்வடிவம் இரு குறியீடுகளையும் ஒன்றாக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 13ஆம் பதிப்பு முதல் (2020) இதற்கெனக் கட்டளையே உண்டு. அத்தகைய கட்டளை இல்லாத மென்பொருள்களில் பதியும் முன்னரே நிரலில் இதனைச் செய்தல் வேண்டும். தேடும் சொல்லையும் அதே வடிவுக்குக் கொணர வேண்டும் என்பதை மறத்தலாகாது.

ஒவ்வொரு தேடலின்போதும் அட்டவணை முழுவதையும் சீராக்கிப் பார்க்கலாமே எனின், அங்கே வேகம் கெடும். தரவுத்தளத்தின் சுட்டி, நூலின் இறுதியில் வரும் அகரவரிசைப் பட்டியல் போன்றது. அஃதிருந்தால் பத்து இலட்சம் வரிகளிலும் சில படிகளில் வேண்டிய வரியை எட்டலாம். நிரலின் மீது ஏதேனும் ஒரு செயலை ஏற்றித் தேடினால், அச்செயலின் விளைவுக்கெனத் தனிச் சுட்டி அமைத்திருந்தாலன்றி, பழைய சுட்டி பயன்படாது. முதல் வரி தொடங்கிக் கடைசி வரை படிக்க வேண்டும். ‘பட்டினம்’ என முடியும் ஊர்களைத் தேடுவதும் அத்தகையதே. தேவிபட்டினத்தையும் பெரியபட்டினத்தையும் அகராதியில் ஈற்றெழுத்தைக் கொண்டு தேட முடியுமோ? ‘பெரிய’ எனத் தொடங்குவனவற்றைக் கேட்பின் விடை விரைந்து வரும், சுட்டி அதற்கேற்ற வரிசையில் அமைந்திருந்தால். ஊர், ஆண்டு என்னும் இரண்டின்மேல் கூட்டுச் சுட்டி அமைத்துவிட்டு ஆண்டை மட்டும் கொண்டு தேடுவோரும் இதே தவற்றைச் செய்கின்றனர்.

வினவல் தாமதமானால் புதிய கணிப்பொறி வாங்கப் புறப்படுவோர் உளர். அதற்கு முன் ‘எக்ஸ்பிளெயின்’ என்னும் கட்டளையை வினவலின் முன் இட்டுப் பார்க்க வேண்டும். எந்தச் சுட்டியைப் பயன்படுத்த எண்ணுகிறது, எத்தனை வரிகளைப் படிக்கக் கருதுகிறது என்பதை அதுவே கூறும். அதற்காக நிரல்தோறும் சுட்டி அமைப்பதும் தகாது. புதிய பதிவு ஒவ்வொன்றின்போதும் அத்தனை சுட்டிகளையும் திருத்த நேரும்.

வேகத்தினும் முதன்மையானது விடையின் மெய்ம்மை. 1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடித் தொடர்வண்டி கடலிற் கொள்ளப்பட்டது. அதில் எத்தனை பேர் இருந்தனர் என்பதில் இன்றும் கணக்குகள் ஒன்றுபடவில்லை. பயணச்சீட்டின்றி ஏறியவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. 2017இல் ஒக்கிப் புயலின்போது காணாமற் போன மீனவர் தொகையில் அரசின் பட்டியலும் மக்களின் பட்டியலும் வேறுபட்டன. ஒருவர் இருமுறை எண்ணப்பட்டாலும் ஒருவர் விடுபட்டாலும் கரையிற் காத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது வெறும் எண்ணன்று.

இன்னொன்றே எஞ்சியது. தரவுத்தளத்தின் படியை அதே கணிப்பொறியில் வைத்துக்கொண்டு காப்பு உண்டு என்று நம்பியிருத்தல் கூடாது. படியை வேறிடத்தில் வைத்து, மாதம் ஒருமுறையேனும் வெற்றுக் கணிப்பொறியொன்றில் அதனை மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டதும் வரிகளை எண்ணுக. பின்னர் தொண்டி என்றும் தனுஷ்கோடி என்றும் தேடுக.