கட்டுமானத் தொழிலில் மதுவும் பணியிடப் பாதுகாப்பும்

கட்டுமானப் பணியிடங்களில் விபத்துக்கு வழிவகுக்கும் காரணிகளுள் மது, கஞ்சா முதலிய போதைப்பொருட்களின் பயன்பாடும் ஒன்று ஆகும். சாரத்தில் நின்று வேலை செய்தல், பாரம் தூக்குதல், மின்கருவிகளைக் கையாளுதல் ஆகியவற்றுக்கு உடற்சமநிலையும் விழிப்பும் இன்றியமையாதவை. இக்கட்டுரை புதுச்சேரியை முதன்மையாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

புதுச்சேரிச் சூழல்

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கிடம் உள்ளது. புதுச்சேரியிலோ 1970 ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி உரிமம் பெற்ற தனியார் கடைகள் மது விற்கின்றன. சாராயக் கடைகளும் கள்ளுக்கடைகளும் உள்ளன. வரி நெடுங்காலமாகத் தமிழ்நாட்டைவிடக் குறைவாக இருந்து வருவதால், தினக்கூலி பெறும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் மது எளிதில் கிடைக்கிறது.

உடலியல் விளைவுகள்

வேலை நேரத்தில் குடிப்பது மட்டுமே ஆபத்து என்று கருதுவது தவறாகும். இரத்தத்தில் மதுவின் அளவு, 100 மி.லி.க்கு மணிக்குச் சுமார் 15 மி.கி. வீதமே குறைகிறது. எடுத்துக்காட்டாக, இரவு 11 மணிக்கு 180 மி.கி. இருந்தால், காலை 8 மணிக்குச் சுமார் 45 மி.கி. எஞ்சியிருக்கும். இந்தியாவில் வாகன ஓட்டுநருக்கான வரம்பு 30 மி.கி. ஆகும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் கைநடுக்கமும், சிலருக்கு வலிப்பும் ஏற்படலாம். எனவே அன்று குடிக்காதவரும் சாரத்தில் ஆபத்துக்கு உள்ளாகக்கூடும்.

இழப்பீடு

இழப்பீடு குறித்த விதிகள் 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்தன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அவை இப்போது உள்ளன. விபத்து நேரடியாகப் போதையால் விளைந்ததாயின், முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆயினும் இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இவ்விலக்கு பொருந்தாது. ஆகவே "குடித்திருந்தார்" என்ற காரணம் காட்டி இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை மறுக்க இயலாது.

தடுப்பு முறைகள்

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996 இல் வெளியிட்ட நடைமுறை நெறிகள், மதுப் பழக்கத்தை உடல்நலச் சிக்கலாகக் கருதிச் சிகிச்சைக்கு வழிசெய்யுமாறு கூறுகின்றன. போதையில் இருப்பவரை அன்று உயரத்தில் வேலை செய்ய விடாமல் தடுப்பது முதற்படியாகும். சாரத்தில் கைப்பிடித் தடுப்பு, பாதுகாப்புக் கச்சை, வலை ஆகியவை குடித்தவர், குடிக்காதவர் என்ற வேறுபாடின்றி அனைவரையும் காக்கின்றன. போதையைக் காரணம் காட்டி இவற்றைக் கைவிடலாகாது. புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனையின் மனநல மருத்துவத் துறையில் மதுப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446 ஆகும்.