பையனுக்கு வந்த முதல் சலான்: கோர்ட்டுக்குப் போகும் முன் அறிய வேண்டியவை

நம் கடைச் சரக்கை வாடிக்கையாளர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இளம் பிள்ளைகள்தான். ஒரு கடையில் அது சொந்த மகனாக இருக்கும். இன்னொரு கடையில் ஊரிலிருந்து வேலைக்கு வந்த பையனாக இருக்கும். லைசென்ஸ் வாங்கிச் சில மாதங்களே ஆன அவன், போக்குவரத்துப் போலீசார் கொடுத்த சலானோடு வந்து நிற்கும்போது நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். வாடிக்கையாளர் முன்னிலையிலேயே திட்டுகிறோம். அல்லது, "ஆயிரம் ரூபாய்தானே, கட்டித் தொலை" என்று கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். இரண்டும் சரியல்ல.

சலான் என்பது சுங்கச் சீட்டுப் போலப் பணம் கட்டினால் முடிந்துபோகும் செலவு அல்ல. அது பையன் பெயரில் திறக்கப்படும் முதல் கணக்கு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது. அதன்படி, ஸ்பாட் ஃபைன் என்று நாம் சொல்லும் தொகையைக் கட்டி முடித்தாலும், அதே குற்றம் மறுபடி நடந்தால் முன்பு கட்டியது முதல் குற்றமாகவே எண்ணப்படும். அடுத்தது "இரண்டாம் குற்றம்" ஆகித் தொகை கூடும். தனியாகத் தண்டனை சொல்லப்படாத பொதுவான விதிமீறலுக்கு முதல் முறை 500 ரூபாய் வரை. அடுத்த முறை 1,500 ரூபாய் வரை. இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்கு முதலில் 2,000, அடுத்து 4,000. ஆகவே பேரேட்டில் முதல் வரி எழுதும்போதே சரியாக எழுத வேண்டும்.

முதலில் சலானைப் படியுங்கள்

வந்த சரக்கைப் பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நாம் இறக்குவதில்லை. சலானையும் அப்படியே பாருங்கள். வண்டி எண், தேதி, நேரம், இடம், சட்டப் பிரிவு, பெயர் ஆகிய ஆறும் சரியா? கேமரா சலான் என்றால் அதிலுள்ள படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எங்கள் மார்க்கெட்டில் ஒரு பருப்பு வியாபாரியின் மகனுக்கு ஹெல்மெட் போடவில்லை என்று சலான் வந்தது. படத்தைப் பார்த்தால் வண்டியே வேறு. எண்ணில் 3 என்பதை 8 என்று எடுத்திருக்கிறார்கள். அதே நேரத்தில் பையன் வேறு தெருவில் சரக்கு இறக்கியதற்கு டெலிவரி நோட்டில் வாடிக்கையாளரின் கையெழுத்தும் நேரமும் இருந்தன. ஆட்சேபனை எழுதி, தன் வண்டியின் படத்தையும் நோட்டின் நகலையும் சேர்த்துக் கொடுத்தார், சலான் ரத்தாயிற்று. டெலிவரி நோட்டில் நேரம் குறிப்பது எவ்வளவு நல்ல பழக்கம் என்று பாருங்கள்.

செல்போனில் வரும் எல்லாச் சலானும் உண்மையானவை அல்ல. "அபராதம் பாக்கி" என்று செய்தி அனுப்பி, ஒரு கோப்பைத் திறக்கச் செய்து, வங்கிப் பணத்தைச் சுருட்டும் கூட்டம் இருக்கிறது. செய்தியோடு வரும் எதையும் தொடாமல், அரசின் பரிவாகன் இணையதளத்துக்கு நேரடியாகச் சென்று வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

கட்டுவதா, மறுப்பதா?

பையனைத் தனியே உட்காரவைத்து, கோபப்படாமல் நடந்ததைக் கேளுங்கள். தவறு செய்திருந்தால் ஒப்புக்கொண்டு கட்டுவதே முறை. செய்யவில்லை என்றால், அலைச்சலுக்குப் பயந்து ஒப்புக்கொள்ளக் கூடாது. சிறு வழக்குகளில் நேரில் வராமலே ஒப்புக்கொண்டு தொகையை அனுப்பலாம் என்று சம்மனில் எழுதியிருக்கும். வசதிதான், ஆனால் அதுவும் குற்றத்தை ஒப்புக்கொள்வதே என்பதை மறக்க வேண்டாம்.

தொகையை விடப் பிரிவையே முக்கியமாகப் பார்க்க வேண்டும். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பும் உண்டு. இருவருக்கு மேல் ஏற்றிச் சென்றாலும் அப்படியே. சிவப்பு விளக்கைத் தாண்டுவதும், ஓட்டும்போது கையில் செல்போன் பிடிப்பதும் "ஆபத்தாக ஓட்டுதல்" என்ற பிரிவில் வரும். அதற்கு முதல் முறையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. இத்தகைய குற்றங்களில் போலீசார் லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்பலாம். அபராதம் கட்டிவிட்டோம் என்பதால் அந்த நடவடிக்கை நின்றுவிடாது. மூன்று மாதம் வண்டி எடுக்க முடியாத டெலிவரிப் பையனுக்குக் கடையில் என்ன வேலை கொடுப்போம்? அவன் பிழைப்பே அதில் இருக்கிறது.

லைசென்ஸை வாங்கிக்கொண்டால் தற்காலிக ரசீது கேட்டுப் பெறுங்கள். அதில் குறித்த தேதி வரை அந்த ரசீதை வைத்து ஓட்டலாம்.

கோர்ட்டுக்குப் போகும் நாள்

1. சம்மன் வந்தால் போகாமல் இருக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய் வழக்கு பிடிவாரண்ட் ஆகிவிடும்.

2. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றின் அசலும் நகலும் ஒரே உறையில் இருக்கட்டும். சலான் கொடுத்த அன்று கையில் இல்லாத தாள், அந்தத் தேதியில் செல்லுபடியாக இருந்தால், அதைக் காட்டுவது மிக உதவும்.

3. சுத்தமான உடை, அணைத்த செல்போன், பெயர் கூப்பிடும் இடத்துக்கு அருகிலேயே நிற்றல். நடுவர் கேட்டதற்கு மட்டும் "ஐயா" அல்லது "அம்மா" என்று சொல்லிச் சுருக்கமாகப் பதில் தந்தால் போதும்.

4. ஒப்புக்கொண்டால் அபராதம் விதிப்பார்கள். கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முதல் தவறு, படிக்கிற பையன் அல்லது சம்பளக்காரன் என்பதைப் பணிவாகச் சொல்லலாம்.

5. மறுத்தால் வாய்தா போட்டு விசாரிப்பார்கள். சலான் எழுதியவர் சாட்சி சொல்வார்; அவரைக் குறுக்கு விசாரணை செய்ய நமக்கு உரிமை உண்டு.

6. வாசலில் நின்று "நான் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ரசீது வராத பணம் கணக்கில் சேராது.

குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு, யாருக்காவது காயம் பட்ட வழக்கு என்றால் வக்கீல் இல்லாமல் போகவே கூடாது. பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது. கடைப் பையன்களில் பலர் இதற்குத் தகுதி உள்ளவர்களே.

வண்டி யார் பெயரில்?

லைசென்ஸ் இல்லாதவனுக்குச் சாவி கொடுத்த உரிமையாளருக்கும் தனியாக 5,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை உண்டு. ஓட்டியவன் 18 வயது நிரம்பாதவன் என்றால் பெற்றோர் அல்லது உரிமையாளர் மீது வழக்கு வரும். 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. "எனக்குத் தெரியாமல் எடுத்தான்" என்று சொன்னால் போதாது. நாம்தான் அதை நிரூபிக்க வேண்டும். சரக்கு ஏற்றும் குட்டி யானை போன்ற வண்டிகளை 20 வயது நிரம்பாமல் ஓட்டக் கூடாது என்பதும் பலருக்குத் தெரியாது.

லைசென்ஸ் இல்லாதவன் விபத்து செய்தால் அபராதம் பெரிதல்ல. நஷ்ட ஈடுதான் பெரிது. இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, தெரிந்தே வண்டி கொடுத்த உரிமையாளரிடம் அதை வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. லட்சக் கணக்கில் வரும் அந்தத் தொகைக்கு எத்தனை சிறு கடைகள் தாங்கும்?

ஆகவே வணிக நண்பர்களே, முதல் சலான் வந்ததும் பையனோடு நாமும் போவோம். பணத்தை அவன் கையாலேயே கட்டவைப்போம். சம்பளத்தில் பிடிப்பதானால் ஒரேயடியாகப் பிடிக்காமல் தவணையில் பிடிப்போம். கடை வண்டிச் சாவியை மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில், யார் யார் ஓட்டலாம், அவர்கள் லைசென்ஸ் எந்தத் தேதி வரை என்று ஒரு அட்டையில் எழுதி இன்றே தொங்கவிடுங்கள்.