பழைய கெர்னலுக்குப் புதிய பரீட்சை

கணினியிலோ கைப்பேசியிலோ நாம் செய்யும் எந்தக் காரியமும், அது ஒரு கோப்பைத் திறப்பதாயினும் ஒரு படத்தைத் திரையில் காட்டுவதாயினும், முடிவில் கெர்னல் என்னும் அடிப்படை நிரலின் அனுமதியைப் பெற்றே நடைபெறுகிறது. நினைவகத்தையும் செயலியையும் வட்டையும் பல நிரல்களுக்குப் பகிர்ந்தளிப்பதும், ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று பிரவேசிக்காமல் காப்பதும் அதன் பொறுப்பு. 1991-ஆம் ஆண்டில், ஹெல்சின்கி பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் முதல் உலகின் அதிவேகக் கணினிகள் வரையில் வியாபித்து நிற்கிறது. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு முறை அதற்குப் புதிய பதிப்பு பிறக்கிறது.

ஆனால் உலகம் அந்த வேகத்தில் மாறுவதில்லை. கைப்பேசியின் சில்லைச் செய்தவர் அதற்கான டிரைவர்களை ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கென்றே எழுதியிருப்பார். மின்நிலையத்தில் ஓடும் கட்டுப்பாட்டுக் கணினியை ஒரு முறை பரிசோதித்து நிறுவியவர்கள் பிறகு அதைத் தொட அஞ்சுவார்கள். இவர்களை உத்தேசித்தே, 2005 முதல், சில பதிப்புகளுக்குப் புதிய வசதி எதையும் சேர்க்காமல் பிழைதிருத்தங்களை மட்டும் அளித்துவரும் ஏற்பாடு, கிரெக் குரோவா ஹார்ட்மன் முதலியோரின் உழைப்பால் நடந்து வருகிறது. 2018 அக்டோபரில் வெளிவந்த 4.19 என்ற பதிப்பு 2024 டிசம்பர் வரையில் இவ்வாறு போஷிக்கப்பட்டது. மின்சாரம், ரயில் போன்ற பொதுப்பணிகளுக்காக 2016-இல் தொடங்கப்பட்ட சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் என்ற கூட்டுமுயற்சியோ, 4.4 என்ற பதிப்பை 2017 முதல் 2027 வரையில் பத்து ஆண்டுகள் காப்பதாகப் பொறுப்பேற்றது. ஆகவே எந்த நாளை எடுத்துக்கொண்டாலும், லினக்ஸ் என்று ஒரே பெயரால் நாம் குறிப்பிடுவது உண்மையில் வெவ்வேறு வயதுள்ள பல கெர்னல்களைத்தான்.

இத்தனையும் சரியாக இயங்குகின்றனவா என்று பார்ப்பதற்குச் சோதனை நிரல்கள் எழுதப்படுகின்றன. கெர்னலின் மூலநிரலோடு கூடவே கேசெல்ஃப்டெஸ்ட் என்ற தொகுதி ஒன்று வளர்கிறது; 2000-ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய லினக்ஸ் டெஸ்ட் புராஜெக்ட் என்ற தொகுதி கெர்னலுக்கு வெளியே தனியே வளர்கிறது. ஒவ்வொரு கெர்னலையும் அதனுடன் பிறந்த சோதனைகளைக் கொண்டே சோதித்தால் போதாதா என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும். போதாது, ஏன் போதாது என்பதற்கு டர்ட்டி கவ் என்று பிரசித்தி பெற்ற பிழையின் சரித்திரமே சாட்சி.

இரண்டு நிரல்கள் ஒரே கோப்பை வாசிக்கும்போது, கெர்னல் அதன் பக்கங்களை நினைவகத்தில் ஒரே ஒரு பிரதியாக வைத்து இருவருக்கும் காட்டுகிறது. தன் பங்கில் மாற்றம் செய்ய விரும்பி ஒருவர் எழுத முற்பட்டால், அந்தக் கணத்தில் அவருக்கென்று தனிப்பிரதி ஒன்றைச் செய்துகொடுத்து, மூலத்தைக் களங்கமின்றிக் காப்பாற்றுகிறது. எழுதுவதும், அந்தத் தனிப்பிரதியை வேண்டாமென்று கைவிடுவதும் ஒரே சமயத்தில் நிகழுமாறு ஒருவர் மீண்டும் மீண்டும் முயன்றால், கெர்னல் தடுமாறி மூலத்தின் மீதே எழுதிவிடும் என்பதுதான் பிழை. வாசிக்க மட்டுமே உரிமையுள்ள சாமானியப் பயனர் ஒருவர், நிர்வாகியின் கோப்புகளைத் திருத்தி இயந்திரம் முழுவதையும் தன்வசப்படுத்திக்கொள்ள இது போதுமானதாயிருந்தது. இதன் மூலகாரணத்தை 2005-இலேயே டோர்வால்ட்ஸ் ஒரு முறை திருத்த முயன்றார் என்பதும், ஐ.பி.எம். நிறுவனத்தின் எஸ்390 என்ற பெருங்கணினிகளில் அந்தத் திருத்தம் தொல்லை தந்ததால் அது திரும்பப் பெறப்பட்டது என்பதும், அன்று ஏட்டளவில் மட்டுமே சாத்தியமென்று தோன்றிய அபாயம் பிற்காலத்தில் எளிதில் நிகழக்கூடியதாயிற்று என்பதும், 2016 அக்டோபரில் அவரே செய்த திருத்தக் குறிப்பில் பதிவாகியிருக்கின்றன. 2007-இல் வெளிவந்த 2.6.22 முதல் ஒன்பது ஆண்டுகள் அந்தப் பிழை உலகெங்கும் உறங்கிக் கிடந்தது. அத்துடனும் முடியவில்லை, அந்தத் திருத்தத்திலேயே, பெரிய அளவுப் பக்கங்களைப் பொறுத்தமட்டில் ஒரு குறை இருந்ததென்று 2017-இல் தெரியவந்தது.

இத்தகைய பிழைக்கான சோதனை 2016-இல்தான் எழுதப்பட முடியும். ஆனால் அது பரிசோதிக்க வேண்டிய கெர்னல்களோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிறந்தவை. திருத்தம் ஒவ்வொரு பழைய பதிப்புக்கும் தனித்தனியே கொண்டுசெல்லப்பட்டது. ஒவ்வொன்றிலும் சுற்றியிருந்த நிரல்வரிகள் வேறாயிருந்தன. ஒவ்வொன்றிலும் அது சரியாகப் பொருந்திற்றா என்பதை ஓட்டிப் பார்த்தாலன்றி அறிய வழியில்லை. ஆகவேதான், புதிய கெர்னலுடன் வரும் சோதனைகளைப் பழைய நிலைப்பதிப்புகளிலும் ஓட்டலாம், அதுவே சிறந்த பரிசோதனை, ஆகையால் பழையவற்றைச் சோதிக்க உதவும் பகுதிகளை நீக்கிவிடக் கூடாது என்று கேசெல்ஃப்டெஸ்டின் வழிகாட்டிக் குறிப்பு கூறுகிறது. லினாரோ என்ற அமைப்பு நடத்திவரும் தொடர்பரிசோதனையிலும் இம்முறையே அனுஷ்டானத்தில் இருக்கிறது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பமாகிறது. புதிய சோதனை, புதிய வசதிகளைப் பற்றியும் கேட்கும். பழைய பாடத்திட்டத்தில் படித்த மாணவனுக்குப் புதிய பாடத்திட்டத்தின் வினாத்தாளைக் கொடுத்து, விடை எழுதாத இடங்களுக்கெல்லாம் பூஜ்யம் போட்டு, தேறவில்லை என்று தீர்ப்புக் கூறுவது எத்தகைய அநியாயமோ, அத்தகைய அநியாயத்தையே கவனமின்றி எழுதப்பட்ட சோதனை ஒன்று பழைய கெர்னலுக்கு இழைக்கிறது. அந்த அநியாயத்தால் கெர்னலுக்கு ஒன்றும் நேர்வதில்லை. சோதனை முடிவுகளை வாசிக்கும் மனிதருக்குத்தான் நேர்கிறது. நூறு பொய்த்தோல்விகள் தினமும் வந்துகொண்டிருக்கும் இடத்தில், நூற்றோராவதாக வரும் மெய்த்தோல்வியைக் கவனிப்பவர் எவரும் இரார்.

ஆதலால் வெற்றி, தோல்வி என்ற இரண்டோடு மூன்றாவது விடை ஒன்று அவசியமாகிறது. கேசெல்ஃப்டெஸ்டில் வெற்றிக்கு 0, தோல்விக்கு 1 என்பதுபோல், "இங்கே இதைச் சோதிக்க இயலாது, தவிர்த்துவிட்டேன்" என்பதற்கு 4 என்ற எண் ஏற்பட்டிருக்கிறது. லினக்ஸ் டெஸ்ட் புராஜெக்ட் அதையே டிகான்ஃப் என்ற பெயரால் வழங்குகிறது. எப்போது இந்த மூன்றாவது விடையைச் சொல்வது என்பதில்தான் சோதனை எழுதுபவரின் விவேகமெல்லாம் அடங்கியிருக்கிறது.

கெர்னலின் பதிப்பெண்ணைக் கேட்டு, அது இன்ன எண்ணுக்குக் குறைவாயிருந்தால் தவிர்த்துவிடலாமே என்பதுதான் எவருக்கும் முதலில் உதிக்கும் யோசனை. இதைப்போல் ஏமாற்றும் யோசனை வேறொன்றில்லை என்பது என் அபிப்பிராயம். 2.6 என்றே ஏறக்குறைய எட்டு ஆண்டுகளாக வழங்கிவந்த எண், 2011 ஜூலையில் 3.0 என்று மாறியபோது, 2.6 என்ற எழுத்துகளை எதிர்பார்த்திருந்த நிரல்கள் சில நிலைகுலைந்தன. அவற்றைச் சாந்தப்படுத்துவதற்காக, கேட்கும் நிரல் விரும்பினால் 3.0 தன்னை 2.6.40 என்று சொல்லிக்கொள்ளும் வசதியைக் கெர்னலிலேயே சேர்க்க நேர்ந்தது. மற்றொரு விபரீதம் 2021 பிப்ரவரியில் நிகழ்ந்தது. பதிப்பெண்ணின் கடைசிப் பகுதிக்கு எட்டு பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருந்தன. எட்டு பிட்டுகளில் 255-க்கு மேல் எழுத முடியாது. 4.4 பதிப்பின் திருத்தங்கள் 255-ஐத் தாண்டி 256-ஐ எட்டியபோது, 4.4.256 என்பது கணக்கில் 4.5.0 ஆகிவிடும் நிலை உண்டாயிற்று. கணக்கில் மட்டும் 255-லேயே எண்ணை நிறுத்திவைப்பதென்று தீர்மானித்துச் சமாளித்தார்கள்.

இவையேனும் அபூர்வமான சம்பவங்கள். சர்வசாதாரணமாய் நடப்பது வேறு. ரெட்ஹாட் நிறுவனம் தன் லினக்ஸ் தொகுப்புக்கு 2019-இல் வெளியிட்ட எட்டாவது பதிப்பின் கெர்னல் தன்னை 4.18 என்று கூறிக்கொள்கிறது. ஆனால் பிற்காலக் கெர்னல்களின் வசதிகளையும் திருத்தங்களையும் ஆயிரக்கணக்கில் அதனுள் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். அதன் எண்ணை நம்பிச் சோதனையைத் தவிர்த்தால், உள்ளே இருக்கும் வசதி சோதிக்கப்படாமலே போகும். வேறொரு கெர்னலோ, எண்ணால் புதியதாயிருந்தும், இடத்தைச் சிக்கனம் செய்ய அந்த வசதியை நீக்கிக் கட்டப்பட்டிருக்கலாம். அங்கே எண்ணை நம்பினால் பொய்த்தோல்வி கிடைக்கும்.

அப்படியானால் எண்ணைக் கேளாமல், வசதியையே நேரில் கேட்டுப் பார்ப்பதுதான் முறை. இதற்குக் கெர்னலும் ஒத்துழைக்கிறது. நிரல்கள் கெர்னலிடம் உதவி கேட்கும் சிஸ்டம் கால் என்ற அழைப்புகளில் தனக்குத் தெரியாத ஒன்று வந்தால் ஈநோசிஸ் என்ற பிழைக்குறியைத் திருப்பித் தருகிறது. அதைப் பெற்ற சோதனை, வசதி இல்லையென்று நிச்சயித்துத் தவிர்த்துவிடலாம். ஆயினும் இதிலும் கண்ணிகள் உண்டு. ஒரே கெர்னலின் மீது தனித்தனி அறைகள்போல் இயங்கும் கன்டெய்னர்களுக்குள் ஓடும் நிரல்களுக்கு, கெர்னலுக்கும் நிரலுக்கும் நடுவே ஒரு வடிகட்டி காவல் இருக்கிறது. கன்டெய்னர்களை நடத்தும் டாக்கர் என்ற மென்பொருளின் பழைய வடிகட்டிகள், தமக்குத் தெரியாத அழைப்புகளுக்கு ஈநோசிஸ் என்று சொல்லாமல் அனுமதி இல்லை என்ற குறியைத் தந்தமையால், அழைப்பு இல்லாவிட்டால் பழைய வழியில் போகலாமென்று ஏற்பாடு செய்திருந்த சி நூலகமே வழிதெரியாமல் திகைத்தது.

அழைப்பு பழையது, அதற்குள் கொடுக்கும் கொடி என்ற விருப்பக்குறி மட்டும் புதியது என்னும்போது விஷயம் இன்னும் நுட்பமாகிறது. கோப்பைத் திறக்கும் ஓப்பன் என்ற பழம்பெரும் அழைப்பு, தனக்குத் தெரியாத கொடிகளைக் கண்டால் மறுப்பதில்லை. மௌனமாக அலட்சியம் செய்துவிடுகிறது. கேட்டது கிடைத்ததா, கேட்டதே காதில் விழவில்லையா என்று அறிய இயலாத நிலை. 2013-இல் வெளிவந்த 3.11 பதிப்பில், பெயரில்லாத தற்காலிகக் கோப்பைத் திறக்கும் ஓ-டெம்ப்ஃபைல் என்ற கொடியைச் சேர்த்தவர்கள் இதற்குச் செய்த உபாயம் என்னை மிகவும் வசீகரித்த ஒன்று. அந்தக் கொடிக்குள்ளேயே, "இது கோப்பகமாக இருக்க வேண்டும்" என்ற பழைய கொடியையும் இணைத்து, எழுதும் உரிமையுடன்தான் திறக்க வேண்டுமென்றும் விதித்தார்கள். கோப்பகத்தை எழுதுவதற்காகத் திறக்க எந்தப் பழைய கெர்னலும் சம்மதிக்காது. ஆகவே புதிய பகுதி புரியாவிட்டாலும், புரிந்த பழைய பகுதியைக் கொண்டே அது மறுத்துவிடும். பிறக்கப்போகும் கெர்னலுக்காக, பிறந்துவிட்ட கெர்னல்களின் சுபாவத்தை ஆராய்ந்து செய்த இந்த ஏற்பாட்டில், தொலைநோக்கும் பணிவும் ஒருங்கே இருக்கின்றன. 2020-இல் 5.6 பதிப்பில் வந்த ஓப்பன்அட்2 என்ற புதிய அழைப்பு இந்தக் குறையை அடியோடு நீக்கியது: தெரியாத கொடியைக் கண்டால் அது வெளிப்படையாகவே மறுக்கிறது; அனுப்பப்படும் தகவற்கட்டின் அளவையும் கேட்டுப் பெற்று, தான் அறிந்ததற்கு மேற்பட்ட பகுதியில் பூஜ்யமல்லாத ஏதேனும் இருந்தால், "எனக்குப் பெரிது" என்று பிழைக்குறி தருகிறது.

சோதனையை ஓட்டுவதற்கு முன்பு அதைக் கட்டியாக வேண்டுமே என்ற லௌகீகத் தொல்லையும் உண்டு. பழைய இயந்திரத்தின் ஹெடர் கோப்புகளில் புதிய அழைப்புகளின் எண்களோ பெயர்களோ இரா. கம்பைலர் முதல் வரியிலேயே நின்றுவிடும். லினக்ஸ் டெஸ்ட் புராஜெக்டில் லாப்பி என்ற அடைவு இதற்கென்றே இருக்கிறது: அமைப்பில் அந்தப் பெயர் இருந்தால் அதை எடுத்துக்கொள்வது, இல்லாவிட்டால் தானே வரையறுத்துக்கொள்வது. அண்மைக்காலப் புதிய அழைப்புகளுக்குப் பெரும்பாலான செயலி வகைகளில் ஒரே எண்ணைக் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டிருப்பதால் (ஓப்பன்அட்2-க்கு 437) இந்த வேலை முன்னைப்போல் பாரமாயில்லை.

இவ்வளவு பாடுபட்டு மூன்றாவது விடையைச் சம்பாதித்த பிறகு, அதனாலேயே வரும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். தவிர்ப்பு எளிதானது, யாரையும் எழுப்பாது. நேற்று வரையில் இருந்த வசதி, இன்று ஒரு பிழையினால் காணாமற்போய் ஈநோசிஸ் என்று பதில் தந்தால், நல்ல பழக்கம் கற்ற சோதனை மரியாதையாகத் தவிர்த்துவிட்டுப் போய்விடும். பட்டியலில் சிவப்பு நிறம் எங்கும் தெரியாது. ஆகவே இந்தக் கெர்னலில் எந்த வசதிகள் இருக்க வேண்டும் என்பதை ஓட்டுபவர் முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம். கேசெல்ஃப்டெஸ்டின் பல அடைவுகளில், அந்தச் சோதனைக்கு வேண்டிய கட்டமைப்புத் தேர்வுகளைப் பட்டியலிட்ட கோப்பு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலின்படி கட்டப்பட்ட கெர்னலில், அதே பதிப்பில் நேற்று ஓடிய ஒரு சோதனை இன்று தவிர்க்கப்பட்டால், அதைத் தோல்விக்குச் சமமாகவே பாவித்து விசாரிக்க வேண்டுமென்று நான் கருதுகிறேன்.

மூன்றாவது விடையே வேண்டாத சோதனைகளும் உண்டு. இயன்ற இடத்திலெல்லாம் அவ்வாறு எழுதுவதே உத்தமம். டர்ட்டி பைப் என்ற பிழை, 2016-இல் வெளிவந்த 4.9 பதிப்பிலேயே, துவக்க மதிப்புக் கொடுக்கப்படாத ஒரு சிறு கொடியாகத் தீங்கின்றி இருந்தது, 2020-இல் 5.8 பதிப்பில் வேறொரு மாற்றம் வந்து அதனோடு சேர்ந்தபோதுதான், வாசிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பின் நினைவகப் பிரதியில் எவரும் எழுதலாம் என்ற விபரீதம் உண்டாயிற்று. 2022 பிப்ரவரியில் அதைத் திருத்தினார்கள். இதற்கான சோதனை பதிப்பெண்ணையும் கேட்க வேண்டியதில்லை, வசதியையும் விசாரிக்க வேண்டியதில்லை. ஒரு கோப்பை உண்டாக்கி, ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றுக்குக் கடத்தும் பைப் ஒன்றை முழுவதும் நிரப்பிக் காலிசெய்து, கோப்பின் ஒரு பைட்டை ஸ்ப்ளைஸ் என்ற அழைப்பால் அதனுள் செலுத்தி, அந்தப் பைப்பில் வேறு எழுத்துகளை எழுதி, பிறகு கோப்பை மீண்டும் வாசித்து, அது மாறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். 5.4 கெர்னலில் அது தேறும், 5.10.101-இல் தோற்கும், 5.10.102-இல் மறுபடியும் தேறும்.